பிள்ளையின் வாக்கும் நாயின் வாழ்வும்

பெங்களூர் நகரத்து இல்லங்களில் இன்று அடிக்கடி எழுகின்ற வழக்கொன்று உண்டு. வழக்குத் தொடுப்பவர் எட்டு அல்லது பத்து வயதுப் பிள்ளை. நடுவர்கள் தாயும் தந்தையும். "நமக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும்" என்பது வேண்டுகோள். "யார் பார்த்துக்கொள்வது?" என்பது குறுக்கு விசாரணை. "நானே பார்த்துக்கொள்வேன், விடியற்காலையில் எழுந்து வெளியே அழைத்துச் செல்வேன், சோறு வைப்பேன், அம்மாவுக்கு ஒரு தொல்லையும் இராது" என்பது வாக்குமூலம். பெற்றோர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கின்றனர். இவன் பக்குவம் அடைந்துவிட்டானா, இவளை நம்பலாமா என்று தமக்குள் ஆராய்கின்றனர். பல வீடுகளில் அடுத்த பிறந்தநாளன்று தீர்ப்பு வந்துவிடுகிறது. அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டி தலை நீட்டுகிறது.

இவ்வழக்கில், யாருடைய வாழ்வு தீர்மானிக்கப்படுகிறதோ அவ்வுயிர் மன்றத்தில் இல்லை. அதன் சார்பில் பேசுவாரும் இல்லை. ஆகவே, பிள்ளை பக்குவப்பட்டுவிட்டதா என்னும் வினாவை நாய் நிற்கும் பக்கத்திலிருந்தும் சற்றுக் கேட்டுப் பார்ப்பது தகும் என எண்ணுகிறோம்.

நம் பாட்டன்மார்க்கு இவ்வினா எழுந்ததில்லை. ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் நாய் படுத்ததோ அது அவ்வீட்டு நாய். மிஞ்சிய சோறும் வடித்த கஞ்சியும் அதற்குரியவை. கிடைக்காத நாளில் அது நான்கு வீடு பார்த்துத் தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொண்டது. பிள்ளைகள் அதனோடு ஆடினர், பள்ளிக்குப் போயினர், மறந்தும் போயினர். அவர்கள் மறந்ததனால் அது பட்டினி கிடந்து சாகவில்லை. (கல்லடியும் சொறியும் பட்டு இளமையிலேயே மாண்ட நாய்கள் எத்தனையோ, பழமையைப் பொற்காலமாக்க நாம் விரும்பவில்லை.) நகரத்து அடுக்குமாடியில் நிலைமை முற்றிலும் வேறு. ஏழாம் மாடியில் வாழும் நாய்க்குத் தண்ணீர் வேண்டுமாயினும் ஒருவர் ஊற்றவேண்டும். சிறுநீர் கழிக்கவேண்டுமாயினும் ஒருவர் கதவைத் திறந்து, மின்தூக்கியில் இறக்கி, தெருவுக்கு அழைத்துச் செல்லவேண்டும். அந்த ஒருவர் உறங்கிவிட்டால் அது கதவடியில் காத்திருக்கும். இவ்வளவு முழுமையாகப் பிறரைச் சார்ந்து வாழும் உயிர் அவ்வீட்டில் வேறொன்று இருக்குமாயின் அது தொட்டிற்குழந்தைதான். தொட்டிற்குழந்தையோ ஓரிரு ஆண்டுகளில் எழுந்து நடந்துவிடும்.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். நாயின் ஆயுள், இனத்தையும் நலத்தையும் பொறுத்து, ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். எட்டு வயதில் வாக்குக் கொடுத்த பிள்ளைக்குப் பதினைந்தாம் வயதில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வரும். பதினேழில் இரண்டாம் பி.யூ.சி. வரும். அவ்விரண்டு ஆண்டுகளிலும் காலையில் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு, இரவில் வீட்டுப் பாடம். "படிப்பை விட்டுவிட்டு நாயோடு என்ன விளையாட்டு?" என்று அதட்டுபவர்கள், அன்று வாக்கு வாங்கிய அதே பெற்றோராகவே இருப்பர். பதினெட்டில் பிள்ளை மணிப்பாலுக்கோ சென்னைக்கோ அதற்கப்பாலோ கல்லூரிக்குப் போய்விடும். அப்பொழுது நாய்க்கு வயது பத்து. கண்ணில் படலம் படர்ந்து, பின்னங்கால் தளர்ந்து, மாடிப்படி ஏற இயலாத முதுமை. உழைப்பு மிகுதியாக வேண்டப்படும் அந்தப் பருவத்தில் வாக்குக் கொடுத்தவர் ஊரில் இல்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்த எட்டு வயதுப் பிள்ளை உண்மையாகவே அப்படி எண்ணியது. ஆனால் அந்த எட்டு வயதுப் பிள்ளையே இப்பொழுது இல்லை, வளர்ந்து வேறொருவராகிவிட்டது. சொத்து விற்கவும் கடன் பத்திரத்தில் ஒப்பமிடவும் பதினெட்டு வயது நிரம்பவேண்டும் என்று நம் சட்டம் வைத்திருக்கிறது. ஓர் உயிரின் ஆயுட்காலப் பொறுப்பை மட்டும் எட்டு வயதுக் கையெழுத்தின்மேல் ஏற்றலாமோ?

நாள் தவறாத கடமை இன்னது என்பதை நம்மினும் தெளிவாக உணர்ந்தவன் ஒருவன் இக்கன்னட நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தான். பெங்களூர் கஸ்தூரிபா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு என்னும் கல் ஒன்று காக்கப்பட்டு வருகிறது. இன்றைய மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூரில் கிடைத்தது அது. கி.பி. 949இல் நடந்த தக்கோலப் போரையும், அதில் கங்க மன்னன் பூதுகனால் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததையும் கூறுவதால், தமிழக வரலாற்று ஆசிரியர்கள் அக்கல்லை நன்கறிவர். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று நம்மவர் போற்றும் அவ்விளவரசனின் முடிவைத் தேடி அக்கல்லிடம் செல்வோர், அக்கல் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைப் பல வேளைகளில் கவனியாமல் வந்துவிடுகின்றனர். அது ஒரு நாய்க்கு எடுத்த கல்.

பூதுகனின் வீரர்களுள் ஒருவன் மணலேரன். தக்கோலத்தில் அவன் காட்டிய வீரத்துக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அவன் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டான், பெற்றான். பின்னர்க் காளி ஒரு காட்டுப்பன்றியோடு பொருதது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. ஆதகூர்ச் சிவன் கோயில் முன்னர்க் காளிக்குக் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டனர். நாயும் பன்றியும் பொரும் காட்சி அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நம் நெஞ்சைத் தொடுவது அக்கல்வெட்டின் ஒரு கட்டளை: அக்கல்லுக்குப் பொறுப்பாளியான கோயிற் பூசகர், கல்லுக்குப் பூசை செய்யாமல் தாம் உண்டால் அவருக்குப் பாவம் சேரும் என்கிறது அது. இறந்துபோன நாய்க்கே, தான் உண்ணுமுன் செய்யவேண்டிய கடமை! அதனை அன்பு என்று எழுதி வைக்கவில்லை. அன்பு சில நாள் இருக்கும், சில நாள் இராது என்பதை அறிந்தோர் போலும். ஆகவே நிலம் விட்டார்கள், ஆளை வைத்தார்கள், உணவோடு கடமையைப் பிணைத்தார்கள்.

இதனினும் பழைய கல் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. கள்ளரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நாலடியாரும் நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில் யானையினும் நாயையே மேலாக வைக்கிறது. ஆக, நாயின் நன்றியைப் பற்றி நம்மிடம் கல்லும் உண்டு, செய்யுளும் உண்டு. நாய்க்கு மனிதன் செய்யவேண்டிய நன்றியைப் பற்றிய பேச்சுத்தான் குறைவு. அவ்வகையில் ஆதகூர்க் கல் அருமையானது.

இனி, "பிள்ளைக்குப் பொறுப்புணர்ச்சி வரட்டும் என்றே நாய் வாங்குகிறோம்" என்பாரைக் காண்போம். இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆங்கில அறிஞர் ஜான் லாக் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், தாம் அறிந்த ஒரு தாயைப் பாராட்டுகிறார். அவர் தம் பெண்மக்கள் நாய், அணில், பறவை எது கேட்டாலும் வாங்கித் தருவாராம். ஆனால் அவற்றைக் குறைவின்றிப் பேணவேண்டும் என்பது கட்டளை. பேணாமல் விட்டால் அது பெருங்குற்றம். பல வேளைகளில் அவ்வுயிர் அவர்களிடமிருந்து பறிக்கப்படும். இளமையிலேயே இரக்கமும் கவனமும் வளர இது நல்வழி என்பது லாக்கின் கருத்து. நல்ல தாய்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்நூலைப் படிக்கும்போது நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. பறிக்கப்பட்ட நாய் எங்கே போயிற்று? பாடம் கற்றவள் அச்சிறுமி; பழகிய கையையும் குரலையும் இழந்தது நாய். குற்றம் ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு.

ஜெர்மானிய மெய்யியலார் காண்டும் ஏறக்குறைய இவ்வழியே சென்றார். நெடுநாள் உழைத்து முதுமையடைந்த நாயைச் சாகும்வரை காத்தல் கடன் என்று தம் விரிவுரைகளில் கூறினார். ஆனால் அக்கடன் நாய்க்கு உரியதன்று. விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பதால் மனிதகுலத்துக்கு உரியது என்று முடித்தார். நாம் இவ்விடத்தில் காண்டோடு மாறுபடுகிறோம். பசித்த நாய்க்குச் சோறிடவேண்டிய காரணம் நாயின் பசியே. அதனைப் பிள்ளையின் ஒழுக்கப் பயிற்சிக்கு ஏடாகக் கொள்வோமாயின், பயிற்சி முடிந்தவுடன் ஏட்டை மூடிவைக்கும் எண்ணமும் உடன் வரும். எழுதுபலகை உடைந்தால் வேறு பலகை வாங்கலாம். உயிரை அவ்வாறு எண்ணப் பழகும் பிள்ளை கற்கும் பாடம், பெற்றோர் கற்பிக்க விரும்பிய பாடத்துக்கு நேர்மாறானது.

நடைமுறையில் அப்பொறுப்பு யார் தோளில் ஏறுகிறது என்பதும் பார்க்கத் தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்தம் மாளிகைகளில் 'நாய்ப் பையன்' என்றொரு வேலையாள் இருந்தான். ஈ.எச். ஏயிட்கன் என்பார் அக்கால வீட்டு வேலையாட்களைப் பற்றி நகைச்சுவையோடு எழுதிய நூலில் அவனுக்கென ஓர் அத்தியாயமே உண்டு. நாய் துரை வீட்டுப் பிள்ளையினுடையது. குளிப்பாட்டுவதும் உண்ணி பொறுக்குவதும் நம் ஊர்ப் பையனுடைய வேலை. துரைகள் போய்விட்டனர். தண்டுப் பகுதியின் தெருக்களிலும் புதிய குடியிருப்புகளின் வாயில்களிலும் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். கயிற்றைப் பிடித்துச் செல்வோருள் வீட்டுப் பிள்ளைகள் சிலர்; வேலைக்கு வந்த பெண்களும் காவலாளிகளும் பலர். அவர்களுள் நாய்க்கு அஞ்சுபவரும் உண்டு. அஞ்சினாலும் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்த பிள்ளை உள்ளே உறங்குகிறது. கூலி கொடுத்து உதவி பெறுவதில் தவறில்லை. ஆனால் பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்பித்துவிட்டோம் என்று அதற்குப் பெயர் சூட்டுவதுதான் வேடிக்கை.

ஆசையைத் தூண்டுவன எவை என்று கேட்டால், விளம்பரங்களை முதலில் சொல்லவேண்டும். 2003இல் 'ஹட்ச்' என்னும் தொலைபேசி நிறுவனம் ஒரு சிறுவனையும் ஒரு 'பக்' நாயையும் காட்டி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. சிறுவன் சென்ற இடமெல்லாம் அந்நாய் பின்தொடர்ந்தது. நாடெங்கும் பிள்ளைகள் அதே நாயைக் கேட்டனர். தட்டை மூக்கின் காரணமாக மூச்சுவிடவே துன்புறும் இனம் அது. நம் நாட்டு வெயில் அதற்குப் பகை. விளம்பரத்தில் நாய் சிறுவனைத் தொடர்ந்தது. வீட்டிலோ சிறுவன்தான் நாயைத் தொடர்ந்து, கையில் பழைய நாளிதழோடு, அது குனியும் இடத்தில் தானும் குனியவேண்டும். அக்காட்சியை எவரும் படம் பிடிக்கவில்லை. பனிநாட்டு ஹஸ்கியை அடுக்குமாடி முகப்பில் கட்டிவைப்போரைப் பற்றி இங்கு விரிப்பின் பெருகும்.

அங்ஙனமாயின் பிள்ளையின் பக்குவத்தை அறிய வழியே இல்லையோ? உண்டு. 'நாய் மீது உனக்கு எவ்வளவு அன்பு?' என்று கேட்பதனால் அது விளங்காது. அன்பு எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. மிகுந்த அன்பே சில வேளைகளில் இடையூறு. கட்டிப்பிடித்தல், முகத்தோடு முகம் வைத்தல், உறங்கும்போது எழுப்புதல், உண்ணும்போது தட்டை இழுத்துப் பார்த்தல் ஆகிய யாவும் அன்பின் செயல்களே. நாய்க்கோ அவை தொல்லை. கடியில் முடிபவை பெரும்பாலும் இத்தகைய செயல்களே. நாய் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், உடலை விறைப்பதும், உதட்டை நக்குவதும், மெல்ல உறுமுவதும் 'இப்போது வேண்டா' என்று அது சொல்லும் மொழி. அந்த 'வேண்டா'வை மதித்து ஓரடி பின்வாங்கும் பிள்ளை பாதிப் பக்குவம் அடைந்துவிட்டது என்போம். தம்பி தூங்கும்போது குரலைத் தாழ்த்துகிறானா, தோழி விளையாட விரும்பாதபோது விட்டுவிடுகிறாளா என்பதைக் கவனித்தாலே இதனை அறியலாம். அதற்கு நாய் வேண்டுவதில்லை.

மற்றொரு பாதி, நடந்ததை மறைக்காமல் வந்து சொல்லும் துணிவு. இது விளையாட்டான செய்தியன்று. இந்தியாவில் பதிவாகும் வெறிநாய்க்கடி நோய் இறப்புகளுள் 30 முதல் 60 விழுக்காடு வரை 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுடையவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளைகள் பட்ட கடி பல வேளைகளில் பெரியோருக்குத் தெரியாமலே போவதும் அதற்குக் காரணம். 1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை முதன்முதல் செலுத்திய புகழ்பெற்ற நோயாளி, ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டர். நம் தென்னாட்டில் அம்மருத்துவத்துக்கெனக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கப்பெற்றது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக, 'கொப்பூழைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்னும் அச்சம் நம் பிள்ளைகளின் நெஞ்சில் உறைந்தது. அந்த அச்சத்தால் கடியை மறைத்த பிள்ளைகள் உண்டு. அப்பழைய மருந்து 2004ஓடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று தோளில் போடும் சில ஊசிகளே போதும். அதற்கு முன் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். ஆனால் பெற்றோர் சிலர் பழைய கதையைச் சொல்லி இன்றும் மிரட்டுகின்றனர். "நாய்கிட்டப் போனால் ஊசிதான்" என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, கடிபட்டால் வந்து சொல்லுமா? இவ்விடத்தில் பக்குவம் பெறவேண்டியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்நகரில் 2023இல் எடுத்த கணக்கின்படி தெருநாய்கள் ஏறத்தாழ 2.79 இலட்சம். 2007இன் தொடக்கத்தில் இங்கு இரு சிறுபிள்ளைகள் தெருநாய்களால் உயிரிழந்ததும், அதன்பின் நகரெங்கும் நாய்கள் வேட்டையாடப்பட்டதும் பலர்க்கு நினைவிருக்கும். ஆகவே நாயைக் கண்டு நடுங்கும் பிள்ளையை நாம் கோழை என்று இகழ்வதற்கில்லை. ஒரு வீட்டில் அண்ணன் நாய் கேட்கிறான், தங்கை நாய் என்றால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிறாள் என்றால், பெரும்பான்மை வாக்கால் தீர்க்கத் தக்க செய்தி அன்று அது. அஞ்சுபவளுக்கும் அது வீடு. தெருநாயைக் கண்டால் கல்லெடுக்காமலும் ஓடாமலும் அமைதியாக ஒதுங்கிச் செல்லப் பழகிய பிள்ளைகள் உள்ள வீட்டில், நாய் வரும் நாள் தானே கனிந்து வரும்.

"இவ்வளவு நிபந்தனை வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் நாய் கிட்டாதே!" என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நாயோடு வளர்ந்த பிள்ளைப் பருவம் செல்வமுடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. பேசாத உயிரின் குறிப்பறிதல், தன்னினும் விரைந்து முதுமை அடையும் ஒன்றை அன்புசெய்தல், பின் அதனை இழத்தல் ஆகியவற்றைப் பள்ளியில் கற்பிக்க இயலாது. நாம் சொல்வது, நாயைப் பெற்றோர் தமக்கெனக் கொள்ளவேண்டும் என்பதே. நாளையே பிள்ளைக்கு ஆர்வம் அற்றுவிட்டாலும் இந்நாயை நாம் வைத்துக்கொள்வோமா என்று கணவனும் மனைவியும் தனித்திருந்து கேட்டுக்கொள்ளட்டும். ஆம் எனின் வாங்கலாம். இல்லை எனின், பிள்ளை எத்துணைப் பக்குவமுடையதாயினும் வாங்கவேண்டா. பிள்ளையின் பங்கு சிறிதாக இருக்கட்டும். காலையில் தான் பால் குடிக்குமுன் நாயின் கிண்ணத்தில் புதிய தண்ணீர் ஊற்றுதல் போதும். ஆதகூரில் பூசகர்க்கு வைத்த கட்டளையும் அதே அளவினதுதான்.

மகாபாரத முடிவில் தருமன் சுவர்க்கத்தின் வாயிலில், உடன் வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வர மறுத்து நிற்கிறான். வில்லிபுத்தூரார் தம் நூலைப் போரோடு நிறுத்திவிட்டமையால், தமிழில் பாரதம் படிப்போர் பலர் இப்பகுதியைக் கதையாகவே கேட்டறிகின்றனர். தருமன் அந்நாயை வளர்த்தவனல்லன். அதற்கு வாக்கும் கொடுத்தவனல்லன். நெடுவழியில் உடன் நடந்தது, தன்னை நம்பியது என்பதே அவன் காட்டிய காரணம். அவன் அப்பொழுது முதியவன். அரசை ஆண்டு, போரைக் கண்டு, யாவற்றையும் இழந்து வந்தவன். அந்த நிலையை எட்டு வயதில் எதிர்பார்த்தல் நம் பேராசை.

நாம் அறிந்த ஓர் இல்லம் அல்சூர் ஏரிக்கு அண்மையில் உள்ளது. அங்குப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நாய் கேட்டாள். தந்தை, "சோறு யார் வைப்பார்?" என்று கேட்கவில்லை. "நீ கல்லூரிக்கு வெளியூர் போய்விட்டபின், நாய்க்கு வயதாகி நடக்க முடியாமற் போனால், அதை யார் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போவது?" என்று கேட்டார். சிறுமி உடனே விடை சொல்லவில்லை. இரண்டு நாள் அப்பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் உணவருந்தும்போது, "அப்பா, அப்போ நீங்கதான் தூக்கணும். நான் இருக்கமாட்டேன். உங்களால முடியுமா?" என்று கேட்டாள். தந்தை மனைவியைப் பார்த்தார், முடியும் என்றார். விலங்கு நல அமைப்பொன்றிலிருந்து தெருவில் பிறந்த குட்டி ஒன்றைத் தத்தெடுத்து வந்தனர். இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் தண்ணீர் வைப்பவள் அவள். இரவு பத்து மணிக்குக் கயிற்றோடு கீழே இறங்குபவர் அவர்.